கரைக்கு வந்த அல்லி

செம்பூர்ப் பக்கம் கைவிட்டுப்போன கல்குவாரிக் குளம்தான் மாரிசெல்விக்கும் அவள் புருஷன் கணேசபாண்டியனுக்கும் சோறு போட்டது. விடிந்தும் விடியாமலும் தாராவியிலிருந்து வந்துவிடுவார்கள். அவன் இறங்கி அல்லி பறித்து வீசுவான். அவள் கரையில் நின்று கட்டுக் கட்டுவாள். வெயில் ஏறுமுன் மாட்டுங்கா பூக்கடையில் சேர்த்தாக வேண்டும். சுருங்கின பூவை மாட்டுங்கா மாமிகள் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு பேருக்கும் நீச்சல் சுத்தமாக வராது. கேட்டால் சிரிப்பார்கள். அல்லி வேர்விட்ட இடத்தில் ஆளுக்கும் கால் எட்டும், நீச்சல் எதற்கு என்பார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை. அதுதான் வினை.

அன்று நவராத்திரி முதல் நாள். குளத்தைப் பார்த்ததும் மாரிசெல்வி கரையிலேயே நின்றுவிட்டாள். நேற்றுவரை நடுவில் பரந்து கிடந்த அல்லி, அவ்வளவும் கரையோரம் வந்து குவிந்திருந்தது. இலைமேல் ஓடித் திரியும் இலைக்கோழி எதிலும் இறங்காமல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அது முட்டையிட்டிருந்த இடத்தையே காணோம். தவளைச் சத்தமும் இல்லை. சேற்றில் பெரிய பெரிய டயர்த் தடங்கள்.

"ஏங்க, இன்னைக்கி எறங்காதிய. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"ஏட்டி, கோட்டியா ஒனக்கு? பூவே நம்மளத் தேடிக் கரைக்கு வந்திருக்கு!"

"அந்தத் தடத்தப் பாருங்களேன்."

"குப்ப கொட்ட வந்த கச்சரா லாரியா இருக்கும். பூ விக்கிற தந்தா நேரத்துல நொய்நொய்ங்காத."

பாவி மனுஷன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டான். முதல் கொத்தைப் பிடித்து இழுத்தான். வழக்கமாக மல்லுக்கட்டுகிற தண்டு, இழுத்த வேகத்தில் கையோடு வந்தது. திரும்பிப் பார்க்காமலே அவளிடம் வீசினான்.

மாரிசெல்வி மடியில் ஏந்தினாள். தண்டின் அடியில் கிழங்கும் வேரும் முழுசாகத் தொங்கின. அந்த டயர்த் தடங்கள் அவளுக்கு அப்போதுதான் புரிந்தன. யாரோ அடிமண்ணை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். பிடுங்கின செடிகள் மிதந்து வந்து ஒதுங்கியிருக்கின்றன. கீழே தரையே இல்லை.

"ஐயோ, நில்லுங்க! கால வைக்காதிய!"

அவன் அடுத்த அடியை வைத்திருந்தான். இலைகள் விலகின, மறுபடி மூடிக்கொண்டன. நடுவே ஒரு கை மட்டும் தண்டுகளைக் கொத்தாகப் பற்றியது.

மாரிசெல்வி கரையில் குப்புற விழுந்து அந்தத் தண்டுகளை எட்டிப் பிடித்தாள். சாமியெல்லாம் கூப்பிட்டு, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். கனமே இல்லாமல் வந்தது. இன்னொரு கொத்தை இழுத்தாள், அதுவும் வந்தது. அலறிக்கொண்டே இழுத்தாள். அவள் கை நிறைய அல்லிதான் வந்துகொண்டிருந்தது.