சிவப்பு மணி

பாகூர்ப் பக்கம் ஒரு நரிக்குறவர் குடியிருப்பில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். பாசிமணி கோத்து விற்பவர், எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் தங்களுக்குள் பேசும் தனி மொழியைத் தமிழ் எழுத்தில் போட்டு, தமிழும் சேர்த்து, சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றை வடிவமைத்திருந்தேன். லேப்டாப்பைப் பார்த்து அவர்கள் பேச்சை வரிவரியாக வாசித்தேன். அவர் நிமிராமல் மணி கோத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சரத்தை நீட்டினார்.

"வரிக்கு ஒரு மணி. பச்சை சரி, செவப்பு தப்பு."

இருபது வரியில் ஏழு சிவப்பு.

"நாளைக்கு அச்சுக்குப் போவணும்மா. சின்னப் புள்ளைங்கதானே, கண்டுபிடிக்காதுங்க."

"எங்க பேச்சு புக்குல வர்றதே இதான் மொத தபா. அதையும் தப்பாவா பாக்கணும்? திருத்தினு வா."

அச்சை நிறுத்தினேன். அவர் சொல்லச் சொல்ல ஏழு வரியையும் திருத்தி, மறுவாரம் தாளில் எடுத்துப்போய், அவர்கள் பேச்சு வரிகளை விரல் வைத்துக் காட்டி வாசித்தேன். எல்லாம் பச்சை. கடைசியில் மட்டும் ஒரு சிவப்பு மணி கோத்தார்.

"இது எந்த வரிம்மா?"

தாளைத் தொட்டுக் காட்டினார். மேலே தமிழ் பெரிய எழுத்தில் இருந்தது. அவர்கள் பேச்சு கீழே பொடி எழுத்தில்.

"படிக்கத் தெரியலன்னா பெருசு சின்னது கூடவா தெரியாது?"

இரண்டின் இடத்தையும் அளவையும் மாற்றி அச்சிட்டோம். புத்தகத்தை முழுதும் புரட்டிப் பார்த்த பிறகே அந்த மணியை உருவி என் கையில் வைத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.