சுங்காய் பஸ்ஸை அவள் விட்டது என் காலுக்காக

போன வருடம் தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, ஈப்போ பஸ் நிலையத்தில் சித்தியவான் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். சித்தியவானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய், அதாவது பரோட்டா மாதிரி வீசிப் போடுகிற ரொட்டி, போட ஆள் கேட்டிருந்தார்கள். எனக்கு வேலை மாறுவது சட்டை மாற்றுவது மாதிரி. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, மலேசியாவில் இந்தப் பேராக் மாநிலம் முழுக்கக் கடை கடையாக ரொட்டி போட்டே காலம் போய்விட்டது. ரொட்டிக் கல்லுக்கு முன்னால் உட்கார முடியாது. விடியற்காலையிலிருந்து நின்றபடியே மாவு வீச வேண்டும். நாற்பது தாண்டியதும் இடது காலில் நரம்பு சுருட்டிக்கொள்ள ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே நீலமாகப் புடைத்து, கணுக்கால் பக்கம் தோல் கறுத்துப் போனது.

யாரோ சொல்லி ஈப்போவில் ஒரு ஹோமியோபதி வைத்தியரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வயதானவர். கால் வலி என்று போனவனிடம் என்ன கனவு வரும், வெயில் பிடிக்குமா, கோபம் வருமா என்றெல்லாம் கேட்டார். சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் கொடுத்தார். கையால் தொடாமல் மூடியில் கொட்டி வாயில் போட வேண்டும், கோப்பி குடிக்கக்கூடாது என்றார். அவர் சொன்னதில் இந்த இரண்டும் எனக்கு நன்றாக நினைவில் நின்றன.

மற்றதையும் அவர் சொல்லத்தான் செய்தார். "தம்பி, இந்த உருண்டை உம்மட நோவுக்கு மட்டுந்தான். நரம்பு பழுதாப் போச்சு. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்க வேணும். இறுக்கமான காலுறை போடும். படுக்கேக்க காலை உயர்த்தி வையும்."

அடுப்பு வெக்கையில் காலுறைக்குள் கால் எரிந்தது. கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். ஸ்கேன் எடுக்க ஓர் ஊரில் நிலையாக இருக்க வேண்டும், நான் எங்கே இருந்தேன்? உருண்டை தின்ற சில வாரத்தில் கனம் குறைந்த மாதிரி இருந்தது. உருண்டையாலா, இடையில் வேலை இல்லாமல் கிடந்ததாலா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வலி குறைந்ததும் நோயே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. போனில் அவள் அண்ணனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நான் வர்ற வரைக்கும் எடுத்துறாத அண்ணே. கமுந்திங்லேர்ந்து வந்துட்டேன், ஈப்போவுல இருக்கேன். சுங்காய் பஸ் இப்ப வந்துரும்லா. அப்பா மூஞ்சிய ஒருவாட்டி பாத்துக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அவளாகவே என்னிடம் சொன்னாள். அப்பா முதல் நாள் இரவு இறந்துவிட்டார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். இவளுக்கு இரவு வேலை. உள்ளே போகும்போது போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும் என்பதால் காலையில்தான் செய்தி தெரிந்திருக்கிறது. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். சுடுகாட்டில் நேரம் கொடுத்துவிட்டார்கள், தள்ளிப்போட முடியாது. அடுத்து வரும் பஸ்ஸைப் பிடித்தால்தான் வாய்க்கரிசி போட முடியும்.

 "பஸ் வந்துரும்மா" என்றேன். சொல்லிக்கொண்டே அரித்த கணுக்காலைச் செருப்பு விளிம்பால் தேய்த்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

வலியே இல்லை. பாதத்துக்கு அடியில் வெதுவெதுப்பாக இருந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அண்ணே, கால்ல ரத்தம்லா."

குனிந்து பார்த்தேன். ஊசி முனை அளவு ஓட்டை. அதிலிருந்து ரத்தம் குழாய் விரிசலில் தண்ணீர் பீச்சுகிற மாதிரி அடித்தது. நான் எழுந்து எதிரிலிருந்த கோப்பிக் கடைக்கு நடந்தேன். தோட்டத்தில் வெட்டுப்பட்டால் நாங்கள் முதலில் தேடுவது கோப்பித் தூளைத்தான். வைத்தியர் குடிக்கக்கூடாது என்ற கோப்பியை ஒரு கை அள்ளிக் காலில் அப்பினேன். கடைக்காரர் பாவம், டப்பாவோடு நீட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே அப்ப, தூள் கரைந்து கறுப்பாக ஓடியது. தலை லேசாகச் சுற்றியது.

அவள் ஓடி வந்து என் தோளை அழுத்தினாள். "அதக் கொட்டாதீங்கண்ணே. படுங்க. கீழ படுங்க."

"இங்கயா? ஆளுங்க நடக்குற எடம்மா."

"மானம் போனா போவுது. படுங்கண்ணே."

சிமெண்டுத் தரையில் படுத்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து என் குதிகாலைத் தூக்கித் தன் தோளில் வைத்தாள். தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்து, ஓட்டை இருந்த இடத்தில் உள்ளங்கையால் அழுத்தினாள். கடைக்காரரை ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொன்னாள். தொழிற்சாலையில் முதலுதவி சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். "எங்க ஃபேக்டரி லைன்ல எல்லாருக்கும் இந்த நரம்புதாண்ணே. நின்னு நின்னு" என்றாள்.

அந்த நேரத்தில்தான் சுங்காய் பஸ் வந்தது.

அவள் தலையைத் திருப்பிப் பார்த்ததை நான் படுத்தபடி பார்த்தேன். "போம்மா, நீ போ" என்றேன். சுற்றி நின்றவர்கள் யாரும் கிட்டே வரவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து மண்டியிட்டார். அவள் கையை எடுக்க, அவர் கையை வைத்தார். பார்க்க முடியாமல் அவர் முகத்தைத் திருப்பியதில் துண்டு விலகி, ரத்தம் அவர் சட்டையில் தெறித்தது. "ஐயோ, எனக்கு முடியாதும்மா" என்று அவர் பின்னால் சாய்ந்தார். அவள் மறுபடி அழுத்தினாள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் ஒரு கையை எடுக்காமல் மறு கையால் போகச் சொல்லிக் காட்டினாள். பஸ் போனது.  கண்ணில் வந்த தண்ணீரைத் தோளால் துடைக்கப் பார்த்தாள். அந்தத் தோளில் என் கால் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து என்னை ஏற்றியபோது அவள் பையை எடுத்துக்கொண்டு டாக்சிகள் நிற்கும் பக்கம் ஓடுவது தெரிந்தது. பெயர்கூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், நின்றுகொண்டே இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பேன், ரத்தம் போய் உயிரும் போயிருக்கலாம் என்றார். பிறகு நரம்புக்குத் தனியாக வைத்தியம் செய்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஊரில் மாதக்கணக்கில் இருந்தேன்.

நடக்க முடிந்ததும் சுங்காய்க்குப் போனேன். தீபாவளிக்கு முன்னால் இறந்த டிராக்டர்காரர் என்று விசாரித்தேன். தோட்டத்தை விற்ற பிறகு ஆட்கள் குடிபோன அடுக்குமாடி வீட்டைக் காட்டினார்கள். கீழே அவள் அண்ணன் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பாவ எடுத்த அன்னிக்கு, உங்க தங்கச்சி என்னாலதான் பஸ்ஸ விட்டுச்சு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவ சொன்னா. யாருக்கோ கால்ல ரத்தம்னு. கால் நரம்புக்கு எவனாச்சும் சாவானா, வேற பொய் கெடைக்கலையான்னு எல்லாரு முன்னாலயும் கேட்டுட்டேன்."

நான் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். 

"அவ வந்து எறங்குறப்ப அப்பாவ ஏத்துன வண்டி போயிருச்சு. பொம்பளைங்க வீட்டக் கழுவிக்கிட்டிருந்தாங்க. ஈரத்துலயே பையோட நின்னாளாம். அன்னிலேர்ந்து நான் அவகூடப் பேசல."

எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "வேலையில இருப்பா. போன் லாக்கர்ல இருக்கும்" என்றார்.

"அப்புறமா மறுபடி கூப்பிடுங்க. நான் வந்தேன்னு சொல்லுங்க."

"சொல்றேண்ணே" என்றார். நான் கிளம்பிப் பஸ்ஸுக்கு நடந்தேன். அவர் கூப்பிட்டிருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் அண்ணன் பேசிவிட்டாலும், அவள் பார்க்காமல் விட்ட அப்பாவின் முகம் திரும்ப வராது.

இப்போது சித்தியவானில் உட்கார்ந்து செய்கிற வேலை, கல்லாவில். ஆஸ்பத்திரியில் கொடுத்த காலுறையைக் கழற்றுவதில்லை. படுக்கும்போது, அந்த வைத்தியர் அன்றைக்கே சொன்ன மாதிரி, தலையணை வைத்துக் காலை உயர்த்திக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் குதிகால் தலையணையில் படும்போது, அப்பாவைப் பார்க்கப் போகாமல் என் காலைத் தாங்கிக்கொண்டிருந்த அந்தத் தோள்தான் நினைவுக்கு வருகிறது.