முத்துலட்சுமி டீச்சரும் அந்த 17 = 17-உம்

முத்துலட்சுமி டீச்சர் போய்விட்டார். இன்று காலை... ஹார்ட் அட்டாக்.

திருநகர் வீட்டில் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். இன்னும் குளிக்கக்கூட இல்லை, போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வேறு பள்ளி, நான் வேறு பள்ளி. இருவருக்கும் கணக்குதான் பாடம். வருஷத்துக்கு ஒருமுறை, பத்தாம் வகுப்பு பேப்பர் திருத்தும் முகாமில் பார்த்துக்கொள்வோம்.

புளியோதரை கொண்டுவந்து டேபிள் முழுக்கக் கொடுப்பார். "பேப்பர் கட்டு எங்கயும் ஓடிப் போயிறாது சார், மொதல்ல சாப்பிடுங்க."

ஒரு வருஷம் அந்த டேபிளுக்கு நான் சீஃப். அவர் திருத்தியதை நான் சரிபார்க்க வேண்டும். புது சீஃப், கேட்கவா வேண்டும்... மிதப்பில்தான் இருந்தேன்.

ஒரு பேப்பரில் முக்கோணக் கணக்கு. 5x − 8 = 2x + 7 என்று சமன்பாட்டைச் சரியாக எழுதியிருந்தது அந்தப் பிள்ளை. x எல்லாம் ஒரு பக்கம், எண்கள் ஒரு பக்கம் என்று மாற்றும் வரி மட்டும் இல்லவே இல்லை. நேராக x = 5. அதன் கீழே 17 = 17.

டீச்சர் முழு மார்க் போட்டிருந்தார். ஆன்சர் கீயில் பக்கம் மாற்றும் வரிக்கு ஒரு மார்க். நான் அதை வெட்டினேன்.

"அஞ்சு போட்டுப் பாத்து, ரெண்டு பக்கமும் பதினேழு வருதுன்னு எழுதிருக்கு சார். வழி தெரியாட்டி என்ன, ஊரு வந்து சேந்துருச்சுல்ல?"

"ஆன்சர் கீயில இல்ல டீச்சர்."

அவர் மொத்தத்தைத் திரும்பக் கூட்டினார். 35 இருந்தது 34 ஆகியிருந்தது. பேப்பரை என் பக்கம் நகர்த்தி, "சார்..." என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

ஃபெயில் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் சுற்றிலும் எட்டுப் பேர். வெட்டின மார்க்கைத் திரும்பப் போட்டால் என் கௌரவம் என்னாவது? கையெழுத்துப் போட்டுக் கட்டை மூடிவிட்டேன்.

யார் பேப்பர் என்று தெரியாது. பதிவெண்ணை மறைத்துத்தானே தருவார்கள். பையனா, பொண்ணா... அதுவும் தெரியாது. மறுதேர்வு எழுதிப் பாஸாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பல வருஷம் கழித்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருவரும் டீ குடித்தோம். எதிரே வெல்டிங் கடையில் ஓர் இளைஞன் கம்பியை இப்படி வைத்து, அப்படி வைத்து, பொருந்தியதும் வெட்டினான். அளவு எடுக்கவே இல்லை.

டீச்சர் அவனையே பார்த்தார். "போட்டுப் பாத்தே செய்யிறான் சார்... அந்தப் பிள்ளையா இருக்குமோ?"

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கும் அந்த வியாதி. ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருப்பவர், மருந்துக்கடையில் நிற்கும் பெண்... இவர்களில் யாரோ?

இன்று டீச்சரின் மகள் என்னிடம் வந்தார். "சீஃபா இருந்த சார் நீங்கதானா? ரிசல்ட் வர்ற அன்னிக்கெல்லாம் அம்மா சாப்பிடாது சார். 'நான் இன்னொரு வார்த்தை சொல்லிருந்தா சார் போட்டுருப்பாரு, வாய மூடிட்டு இருந்துட்டேனே'ன்னு அதே பொலம்பல்."

மாலையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோழை.

டீச்சர், அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்டும்தான் கையெழுத்துப் போட்டேன். தப்பு உங்களுடையது இல்லை.

அந்தப் பிள்ளையை இனி நான் தேடிக்கொள்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போங்க.