அண்ணன் ஃபீல் பண்றாங்க

எங்கள் பக்கத்தில் ஃபீல் பண்ணுவது என்றால் வருத்தப்படுவது மட்டும்தான். சந்தோஷத்தை யாரும் ஃபீல் பண்ணுவதில்லை. துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு "ஃபீல் பண்ணாதீங்க" என்பார்கள். மார்க் குறைந்த பிள்ளைக்கும் அதே ஆறுதல். கொஞ்சம் கூடுதலாகக் கண்ணைக் கசக்கினால் "ஓவரா ஃபீல் பண்ணாத" என்று கிண்டல் வரும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிற எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல். அதற்குக் காரணம் ஆங்கிலம் இல்லை, என் அண்ணன்.

அப்பாவின் நிலத்தில் எனக்குள்ள பங்கைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். அண்ணன் மறுபேச்சில்லாமல் வந்து கையெழுத்துப் போட்டார். அதோடு என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார். இரண்டு வருஷம். அண்ணிதான் அவ்வப்போது போன் செய்து, "உங்க அண்ணன் ரொம்ப ஃபீல் பண்றாங்க" என்பார்.

"ஃபீல் பண்றவங்களுக்கு ஒரு போன் பண்ணத் தெரியாதா அண்ணி?" என்று வெடுக்கென்று கேட்பேன். நானும் ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை.

இந்தத் தையில் என் பங்கு வயலில் சம்பா முற்றித் தலைசாய்ந்து நின்றது. மழை வரும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சாய்ந்த கதிரில் மழை விழுந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். ரோட்டிலிருந்து அறுப்பு மிஷின் என் வயலுக்கு வர வேண்டுமானால் அண்ணன் வயலுக்குள் இறங்கித்தான் வர வேண்டும். இந்த வருஷம் அவர் பிந்தி நட்டிருந்தார். அந்தப் பயிர் இன்னும் இருபது நாளாவது நிற்க வேண்டும். போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி போனில், "அறுப்பு எப்பங்க?" என்றார்.

"மிஷின் எப்படி வரும் அண்ணி, ஆகாசத்துலேர்ந்து எறங்குமா?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் போனேன். அண்ணனும் அண்ணியும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். முற்றாத பச்சைக் கதிர். ரோட்டிலிருந்து என் வரப்பைப் பார்த்து, மிஷின் நுழைகிற அகலத்துக்கு ஒரு பாதை. பாதி தூரம் வந்துவிட்டார்கள். அறுத்துப்போட்டது மாட்டுக்குத்தான் ஆகும்.

அண்ணன் நிமிர்ந்தார். "மிஷின்காரருக்கு போன் போடு. பத்து மணிக்குள்ள வந்துடச் சொல்லு."

நடுவயலில் நின்று ஓவென்று அழுதேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாராவது பார்த்திருந்தால் என் மானம் போயிருக்கும். அண்ணி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, தன் அரிவாளை என் கையில் கொடுத்தார். நான் அண்ணனுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"ஏண்ணே, ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசாம இருந்தீங்க?"

அவர் அறுப்பதை நிறுத்தவில்லை. "நெலத்துக்கும் சரி, இந்த வழிக்கும் சரி, நீ நேர்ல வந்து கேப்பேன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன், பாப்பா."