இரண்டு ஷிப்ட், ஒரே கணினி

என் அண்ணிக்குக் காலையில் முதல் வேலை, முகம் தெரியாத ஒரு மனிதரோடு சண்டை போடுவது.

ஆஸ்பத்திரியின் தட்டச்சுப் பிரிவில் ஜன்னலோரமாக ஒரு கணினி இருக்கிறது. காலை ஷிப்டில் அதில் அண்ணி உட்காருவார். மாலை ஷிப்டில் இன்னொருவர். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் வாங்கி, அறிக்கையாக அடித்துக் கொடுப்பது அண்ணியின் வேலை. அண்ணிக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளை வைத்துத்தான் வேலை நடக்கிறது. அது படிக்கிற வேகம் எனக்கெல்லாம் குருவிச் சண்டை மாதிரி கேட்கும், ஒரு சொல் புரியாது. அண்ணி அதைக் கேட்டுக்கொண்டே என்னிடம் பஸ் கூட்டத்தைப் பற்றியும் குறை சொல்வார்.

அந்தக் குருவி ஒழுங்காகப் பேச வேண்டுமென்றால் வேர்டில் சிலதை மாற்றிவைக்க வேண்டும். திறந்ததும் வரும் வரவேற்புப் பக்கத்தை எடுத்துவிட்டு, நேராக வெற்றுப் பக்கம் வரும்படி செய்ய வேண்டும். காகிதம் போல ஓரம் விட்டுக் காட்டும் தோற்றத்தை விட்டு, எழுத்து மட்டும் ஓடும் டிராஃப்ட் தோற்றத்துக்குப் போக வேண்டும். நாம் அடித்ததைக் கேட்காமலே திருத்தும் அதிகப்பிரசங்கித்தனத்தை நிறுத்த வேண்டும். அண்ணி எல்லாவற்றையும் விசைகளாலேயே செய்து முடிப்பார். மாலைக்காரர் அதையெல்லாம் பழையபடி ஆக்கிவிட்டு, போகும்போது ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டுப் போவார். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து.

ஆளுக்கொரு லாகின் இருந்தால் இந்தக் கூத்தே கிடையாது. கேட்டோம். கணினிப் பிரிவில் இருக்கும் ஆள், "மேசைக்கு ஒரு லாகின்தான் மேடம், அது ரூல்" என்றார். எழுதிக் கொடுத்தோம். அது எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

அண்ணி பிறவியிலேயே அப்படி இல்லை. கல்யாணமாகி வந்தபோது வக்கீல் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயத்தில் பார்வை ஓரத்திலிருந்து குறைய ஆரம்பித்தது. எழுத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், கடைசியில் திரைக்கு ஒரு சொல் என்ற கணக்கில் வேலை பார்த்தார். அதுவும் முடியாமல் போனபோது, "வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்கம்மா" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அன்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த இரண்டு வருடம் வீட்டில். என் அண்ணன் பயந்துபோய் அடுப்புப் பக்கமே விடவில்லை. மகளின் வீட்டுப்பாடத்தை எங்கள் அம்மா எடுத்துக்கொண்டார். துணி மடிப்பதுகூட அண்ணியின் கைக்கு வராமல் போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அண்ணி பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

பிறகு யாரோ சொல்லி ஸ்கிரீன் ரீடர் வகுப்புக்குப் போனார். அதிலிருந்து என் அண்ணனுக்குப் பிடித்தது சனி. அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடியை ஏற்றி இறக்குகிற மனிதருக்கு எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது. அண்ணி அடுப்படியைத் திரும்பப் பிடித்துக்கொண்டதும் முதல் சட்டம் அதுதான். ஒருநாள் உப்பு டப்பா ஒரு சாண் தள்ளியிருந்ததற்கு நடந்த விசாரணையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் தினமும் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும் ஒரு கணினி வாய்த்தது. நான் அதே ஆஸ்பத்திரியில், பக்கத்து அறையில், பழைய கோப்புகளைத் தேடிக் கொடுக்கிறேன். இங்கே ஆள் எடுப்பதாக அண்ணியிடம் சொன்னதும் நான்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. சூப்பர்வைசர் அம்மா முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "மத்தவங்க செய்யற அதே வேலை, அதே மாதிரி. பக்கத்துல ஆள் வெச்சுக்க முடியாது."

"வேண்டாம் மேடம்" என்றார் அண்ணி.

ஐந்தாவது மாதம் வரை நன்றாகத்தான் போனது. அப்போதுதான் அந்த அறிக்கை வந்தது. வீட்டுக்குப் போகவிருந்த ஒரு நோயாளியின் அறிக்கை. டாக்டர் அதைப் படித்துவிட்டு ஓரத்தில், 'மாத்திரை அளவைச் சரிபார்க்க வேண்டும், அதுவரை அனுப்ப வேண்டாம்' என்று குறிப்புப் போட்டிருந்தார். ஓரக் குறிப்பு இருந்தால் ஸ்கிரீன் ரீடர் சொல்லிவிடும், வேர்டில் அதை மறைத்து வைக்காதவரை. முந்தின நாள் மாலைக்காரர் மறைத்துவிட்டார். அதுவரை அதில் அவர் கை வைத்ததே இல்லை. அண்ணி வழக்கமானதையெல்லாம் மாற்றிவிட்டு, இதைப் பார்க்காமல், அறிக்கையை வார்டுக்கு அனுப்பிவிட்டார்.

வார்டு நர்ஸ் தன் கணினியில் திறந்த உடனே குறிப்பைப் பார்த்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் சூப்பர்வைசர் அம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த அம்மா வந்து அண்ணியிடம் குரலை உயர்த்தாமல், "இது சரியா வராது போலருக்கும்மா. விசாரணை போன்ல உட்கார வைக்கலாமான்னு யோசிக்கிறேன். நாளைக்கு மேலிடத்துல சொல்லணும்" என்றார்.

விசாரணை போன் என்பது ஷிப்ட் முழுக்க எந்த மாடி, எந்த அறை என்று சொல்லிக்கொண்டிருக்கும் வேலை. அதற்கு அண்ணியின் விரல்கள் தேவையில்லை. அண்ணியின் முகம் வக்கீல் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிய நாளன்று இருந்த மாதிரியே ஆகிவிட்டது.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்தும் அண்ணி எழுந்திருக்கவில்லை. "அந்த ஆள் வரட்டும்" என்றார். நானும் கிளம்பவில்லை. நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டுமென்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

வந்தவரைப் பார்த்ததும் பாதி மறந்துபோயிற்று. முப்பது வயதிருக்கும். தூங்கிப் பல வாரமான முகம். சட்டைத் தோளில் குழந்தை பால் கக்கிய கறை, அது இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

"நீங்கதானா சாயங்காலம் உட்கார்றது?" என்றார் அண்ணி.

"ஆமா மேடம்."

"தினமும் ஸ்பீக்கரை ஏன் சார் அணைக்கிறீங்க?"

"ஐயோ, அது பேசிக்கிட்டே இருக்கு மேடம். ஒரு எழுத்தைத் தொட்டா ஒரு சத்தம். வீட்ல ரெட்டைக் குழந்தைங்க. ஒண்ணு நிறுத்தினா ஒண்ணு ஆரம்பிக்கும். எனக்கு அமைதியான இடம்னா இந்த மேசை ஒண்ணுதான். இதுவும் கத்துதேன்னு..." என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஏதோ வைரஸ்னு நினைச்சேன்" என்றார்.

"நான்தான் சார் அந்த வைரஸ்" என்றார் அண்ணி.

அவர் அப்போதுதான் அண்ணி முகத்தைச் சரியாகப் பார்த்தார். என்ன புரிய வேண்டுமோ அது புரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்போ அந்த மானிட்டர்?" என்றார்.

அது ஒரு தனிக் கதை. அண்ணிக்குத் திரை தேவையில்லை. பின்னால் நிற்கிறவர்கள் நோயாளிகளின் விவரத்தை எட்டிப் படிக்கிறார்களென்று வந்த உடனே மானிட்டரை அணைத்துவிடுவார். போகும்போது போடத் தோன்றாது. மாலைக்காரர் ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு முறை திரை கெட்டுவிட்டதென்று கணினிப் பிரிவுக்குப் போன் செய்திருக்கிறார். அந்த ஆளும் நான்கு மாடி ஏறி வந்து, ஒரு பட்டனை அழுத்திவிட்டு, இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அதுவும் நான்தான்" என்றார் அண்ணி. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நான் அடுக்கி வைத்திருந்த கேள்விகள் வீணாகப் போயின.

அறிக்கை விஷயத்தை அண்ணி சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. "ஓரத்துல குறிப்பு வந்தா பக்கம் சுருங்கிடுது, எழுத்து பொடிசாத் தெரியுது. தூக்கக் கலக்கத்துல கண்ணு எரியுது. அதான் மறைச்சேன்" என்றவர், அப்படியே திரும்பி சூப்பர்வைசர் அம்மாவின் அறைக்குப் போனார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"மேடம், அந்தக் குறிப்பை மறைச்சது நான். அவங்க மேல தப்பில்ல" என்றார் அவர்.

"இல்ல மேடம்" என்றார் அண்ணி. "மறைச்சது இவரா இருக்கலாம். பார்க்காம அனுப்பினது நான். கண்ணு தெரியாததால நடந்த தப்பில்ல இது, அன்னிக்கு நான் அவசரப்பட்டேன். அதுக்குத் திட்டுங்க, வாங்கிக்கறேன். போன்ல மட்டும் உட்கார வைக்காதீங்க."

சூப்பர்வைசர் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மத்த செக்ஷன்லலாம் நான் இல்ல நான் இல்லன்னு சண்டை போடுவாங்க" என்றார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கணினிப் பிரிவுக்கு இறங்கினார். அங்கே என்ன பேசினாரோ தெரியாது. லாகின் விண்ணப்பம் நகர ஆரம்பித்தது. மேலிடத்தில் என்ன சொன்னார் என்பதையும் சொல்லவில்லை; விசாரணை போன் பேச்சு மட்டும் அதற்குப் பிறகு எழவில்லை.

லாகின் வரும்வரை இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். கிளம்பும் முன் அடுத்தவருக்குத் தக்கபடி மாற்றிவைத்துவிட்டுப் போவது. அண்ணி எந்த விசை எதற்கென்று சொல்லச் சொல்ல அவர் அடித்துப் பழகிக்கொண்டார். "சரிங்கக்கா" என்று அன்றைக்கே அக்காவாக்கிவிட்டார். அண்ணி போகும்போது காகிதத் தோற்றத்துக்கு மாற்றி, மானிட்டரைப் போட்டுவிட்டு வருவார். அவர் டிராஃப்டுக்கு மாற்றி, குறிப்புகளைத் திறந்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் போவார். கணினிப் பிரிவின் ஆள் மட்டும், மேசையில் இப்போது பழுதே வரவில்லையே என்று ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆறு மாதம் முடிந்து நிரந்தரமானது. அண்ணன் இனிப்போடு வந்து, அதை வைக்கக் கூடாத இடத்தில் வைத்து, நல்ல நாளும் அதுவுமாகத் திட்டு வாங்கினார். அடுத்த வாரமே தனித்தனி லாகினும் வந்தது. இனி அண்ணி நுழைந்தால் அண்ணி வைத்தபடி, அவர் நுழைந்தால் அவர் வைத்தபடி.

அன்று ஷிப்ட் முடிந்து கிளம்பினோம். கதவுவரை வந்த அண்ணி திரும்பிப் போய், மேசையைத் தடவி, மானிட்டர் பட்டனை அழுத்தினார்.

"விடுங்க அண்ணி. அவருக்குத்தான் இப்ப விஷயம் தெரியுமே, அவரே போட்டுக்குவார்" என்றேன்.

"எனக்கும்தான் கை இருக்கு. ஸ்பீக்கரை நானே போட்டுக்கலாம்" என்றார். "ஆனா இன்னிக்கும் அவர் போட்டு வெச்சிட்டுத்தான் போயிருந்தார்." கொஞ்சம் நடந்த பிறகு, "கண்ணு போனதுலேர்ந்து எல்லாரும் என் கையிலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டுத்தான் போனீங்க. என் நல்லதுக்குத்தான், இல்லன்னு சொல்லல. நான் வந்து வேலை பார்ப்பேன்னு ஒண்ணைத் தயார் பண்ணி வெச்சிட்டுப் போனது அவர் ஒருத்தர்தான்" என்றார்.

கையை நீட்டினேன், அண்ணி பிடித்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நடந்தோம்.