ராகு காலத்துக்கு முன் எழுப்பிய சுவர்

புவனகிரியில் எங்கள் புதுவீட்டுச் சுவர் பிளந்ததற்குக் காரணம் புயலல்ல, நான்தான்.

இரண்டு தெர்மாகோல் பலகைகளை நிறுத்தி, நடுவே கான்கிரீட் ஊற்றிச் சுவராக்கும் முறை அது. கொஞ்சம் ஊற்றி, இறுகவிட்டு, பிறகுதான் மேலே ஊற்றவேண்டும். நானோ ராகு காலம் தொடங்குவதற்குள் முடிக்கச் சொல்லி பம்ப் ஓட்டியவரை விரட்டினேன்.

சமையலறைப் பலகை உப்பத் தொடங்கியது. அதனருகே உட்கார்ந்து, மிக்ஸிக்கு பிளக் எங்கே வேண்டுமென்று என் மனைவி குறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எழுந்து வா!" என்று மச்சான் அவளை வெளியே இழுத்த மறுகணம், பலகை பிளந்து அறை முழுக்கக் கான்கிரீட் கொட்டியது.

இப்போதெல்லாம் ஓர் அடுக்கு இறுகாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. ஊற்றும்போது உள்ளே யாரையும் விடுவதுமில்லை.

அன்று மாலை மனைவி சொன்னாள்: "நீங்களும் ஓடியாந்தீங்க, என்னத்தான் இழுக்க வர்றீங்கன்னு நெனச்சேன். செவுத்தப் போயி தாங்கிப் புடிச்சீங்க!"