குப்பையென்று கழற்றிய பட்டிகள்

இத்தாலியில், கால்சா என்ற பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானியான சின்யோராவிடம், ஒரு ஜப்பானியப் பாடகி இதுவரை பாடிப் பதிவுசெய்த இருபத்தாறு இசைத்தட்டுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு உறையையும் சுற்றி ஜப்பானிய எழுத்துள்ள ஒரு தாள் பட்டி. கடைக்காரர் சுற்றிய தாளாக்கும் என்று நினைத்து, தூசி தட்டிய அன்று அத்தனையையும் கழற்றிக் குப்பைப் பையில் போட்டுவிட்டேன்.

சின்யோரா பார்த்ததும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பட்டி இல்லாவிட்டால் தட்டு முழுமையில்லை" என்றார். எனக்கு வேலை போய்விட்டது என்றே தோன்றியது.

கணவருக்குப் போன் எடுத்து அழுதேன். "அழாதையும். பை அங்கைதானே கிடக்கு? எடுத்துத் திருப்பிப் போடும்" என்றார்.

பையைத் தரையில் கொட்டினேன். ஜப்பானிய எழுத்து ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பட்டியிலும் அதற்குரிய உறையிலும் ஒரே இலக்கம் இருந்தது. இலக்கம் பார்த்துப் பார்த்து மாட்டினேன். முதல் உறையில் பள்ளிக்கூடப் பிள்ளையாக நின்ற பாடகி, கடைசி உறையில் தலை நரைத்துச் சிரித்தாள்.

சின்யோரா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றுகூடப் பிழையில்லை.

இப்போது விருந்தாளிகள் அந்தத் தட்டுகள் இருக்கும் அலுமாரிக்குக் கை நீட்டினால், "பொறுங்கள், அவள்தான் எடுத்துத் தருவாள்" என்று சின்யோரா என்னைக் கூப்பிடுகிறார். பாட்டில் ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. ஆனால் எந்தத் தட்டுக்குப் பிறகு அந்தப் பாடகி தலைமயிரைக் கட்டையாக வெட்டினாள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.